ஜீபிஏ என்றால் என்ன, அதை எப்படிக் கணக்கிடுவது?

ஜீபிஏ என்பது நீங்கள் படித்த எல்லாப் பாடங்களின் தரங்களையும் ஒரே எண்ணாகச் சொல்லும் சராசரி. வவுனியா பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது கிரெடிட். அதுதான் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை; படிக்க வேண்டிய நேரம் கூடினால் அதுவும் கூடும். வன்னியில் நெல் விற்பவரைப் பாருங்கள்: 3 மூட்டை ஒரு விலைக்கும் 1 மூட்டை வேறு விலைக்கும் போனால், இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் பிரிப்பாரா? மூட்டைக் கணக்கையும் பார்ப்பார். சரி, 3 கிரெடிட் பாடத்தில் ஏ (அதன் எண் மதிப்பு 4.0), 1 கிரெடிட் பாடத்தில் சி (2.0) என்றால், கிரெடிட்டை அந்த மதிப்பால் பெருக்கி வரும் 12உம் (3 × 4) 2உம் (1 × 2) சேர்ந்து 14, அதை 4 கிரெடிட்டால் பிரித்தால் 3.5. கிரெடிட் கூடிய பாடத்தைக் கைவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். 4க்கு 3 என்றால் 75 புள்ளி என்று நினைக்க வேண்டாம், 3.0 என்பது சராசரியாக பி தரம்.