கால்கட்டு போட்டா சரியாயிடுமா?

கடிதம்:

அக்கா வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருக்கேன், வயசு 29. பாட்டிகிட்ட கத்துக்கிட்ட தமிழ், தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க. அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அதுலேருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடிக்க உக்காந்தா ஞாயித்துக்கிழமைதான் எந்திரிக்கிறேன். கார் லோன், துணிக்கடை அக்கவுண்ட் எல்லாம் பாக்கி. "ஒரு கால்கட்டு போட்டா பையன் சரியாயிடுவான்"னு மாமா சாட்ஸ்வொர்த்ல பொண்ணு பாத்துட்டார். அவகிட்ட பேசினா மனசு லேசாகுது, அவ வந்தா நான் முழு மனுஷனாயிடுவேன்னு எனக்கும் தோணுது. சரிதானே அக்கா?

பதில்:

தம்பி, உங்க தமிழுக்கு ஒரு குறையும் இல்ல. மாமாவையும் குத்தம் சொல்ல மாட்டேன், பாசத்துல சொல்றார். ஆனா கால்கட்டுன்னா என்னன்னு யோசிச்சீங்களா, மாடு ஓடாம இருக்கப் போடுற கயிறு அது, அதோட இன்னொரு முனை அந்தப் பொண்ணு கால்ல இல்ல கட்டியிருக்கும்? நீங்க விழுந்தா அவளும் சேந்து விழணும்.

நான் பட்டதைச் சொல்றேன். அம்மா செத்த எட்டாவது மாசம் எனக்குக் கல்யாணம். புருஷன்கிட்ட நான் தேடினது அம்மாவைத்தான்னு அப்ப தெரியல. அவர் பிரெட் வாங்க நின்னு அரை மணி லேட்டா வந்தாக்கூட அழுவேன், பாவம் அந்த மனுஷன் முழிப்பார். அம்மா கடைசியா போட்ட மாங்கா அச்சார் ஒரு ஜாடி ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு, மூணு வருஷம் யாரையும் தொட விடல. ஒருநாள் அவர், "உன்னை சமாதானப்படுத்துறதே எனக்கு வேலையாப் போச்சு, உன்கூட எப்பதான் வாழுறது"ன்னு கேட்டுட்டார். அவர் வேலைக்குப் போனதும் ஜாடியைத் திறந்து சோத்துல போட்டுத் தனியா உக்காந்து சாப்பிட்டேன், அன்னிக்குத்தான் அம்மாவுக்காக ஒழுங்கா அழுதேன். அந்த அழுகையை எனக்காக அவர் அழ முடியாதுல்ல. உங்க அப்பாவுக்காக நீங்க இன்னும் அழலன்னுதான் எனக்குப் படுது, குடிச்சிட்டு அழுதது கணக்குல வராது.

அப்புறம் கடன். பொண்டாட்டியை சரிபாதின்னு நாம வாய் வார்த்தையா சொல்றோம், இந்த நாட்டு சட்டம் அதை நிஜமாவே எடுத்துக்குது. முன்கூட்டியே நோட்டரிகிட்ட ஆன்டிநப்ஷியல் காண்ட்ராக்ட், அதாவது சொத்து யாருக்கு எப்படின்னு கல்யாணத்துக்கு முன்னாடியே போடுற ஒப்பந்தம், எழுதாம சட்டப்படி கல்யாணம் பண்ணா ரெண்டு பேர் சொத்தும் ஒண்ணாயிடும், கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின கடனும் அதுல சேத்தி. உங்க துணிக்கடை பாக்கிக்கு அவ சம்பளத்துலயும் கை வைக்க வேண்டி வரும். 1913-ல நம்ம சமயப்படி பண்ண கல்யாணம் செல்லாதுன்னு இங்க கோர்ட்டு சொன்னப்ப எதிர்த்துப் போராடி ஜெயிலுக்குப் போன பொம்பளைங்க வழியில வந்தவங்க நாம, அவ்ளோ மரியாதையான விஷயத்தை ரிப்பேர் கடையாக்கலாமா?

அதுக்காக எல்லாம் சரியானப்புறம்தான் தாலின்னா ஊர்ல ஒருத்தருக்கும் கல்யாணம் நடக்காது, என்னையும் சேத்து. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க, எத்தனை ராண்ட் பாக்கி, வாரத்துக்கு எத்தனை பாட்டில், ஒண்ணு விடாம. வேணாம்னு சொல்ற உரிமை அவளுக்கு உண்டு. லோனுக்குப் பதிவு பெற்ற டெப்ட் கவுன்சிலர்கிட்ட, கடனை எப்படி அடைக்கிறதுன்னு வழி சொல்றவர்கிட்ட, போங்க. குடியை விட முயற்சி பண்ணி கை நடுங்கினா வீராப்பு வேணாம், டாக்டரைப் பாருங்க. ஒரு சனிக்கிழமையாவது பாட்டிலும் இல்லாம போன்ல அவளும் இல்லாம இருந்து பாருங்க, என்ன வருதுன்னு எனக்கு எழுதுங்க.

தேதியை ஆறு மாசம் தள்ளச் சொல்லுங்க. மாமா கோவப்பட்டா அக்காதான் சொன்னான்னு என் தலையில போட்டுடுங்க.