பம்பைக் கழற்றலாமா?

கேள்வி: பழைய இன்லைன் பம்ப் (எஞ்சினுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பம்பு) லாரி. புளியரையிலிருந்து ஆரியங்காவு ஏறும்போது லோடோடு இழுவை விழுகிறது. காலையில் டீசல் ஏற்றும் கைப்பம்பு அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள்.
– ஓட்டுநர், செங்கோட்டை

பதில்: பம்பைத் தொடாதீங்க தம்பி, செலவு வைக்கும் இடம் அது. முதலில் டீசல் குழாயில் காற்று புகுகிறதா என்று தேடுங்கள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்பு) நடுவே இருப்பது உறிஞ்சல் பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஈரத்தைத் தேடிப் பயனில்லை. அந்த இடத்தில் உள்ளே தெரிகிற டீசல் ஓஸ் ஒரு முழம் மாட்டி ஓட்டுங்கள். குமிழ் வந்தால் ஓஸ், செம்பு வாஷர், டேங்குக்குள் இருக்கும் குழாய் இவற்றில் ஓட்டையைப் பாருங்கள். வராவிட்டால் ஃபில்டர், ஃபீட் பம்பு வலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், இழுவை விழுந்ததும் ஓரங்கட்டி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இதற்குப் போய் பம்பையே மாற்றியவர்கள் உண்டு!