நமக்கான பொழுதுபோக்குக்கு எப்போது செலவு செய்யலாம், எப்போது கையை இறுக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் தன் நிலைமையை இப்படிச் சொல்லியிருக்கிறார்: சம்பளம் 32,000 ரூபாய். வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் போக மிஞ்சுவது சொற்பம். சினிமாவோ கச்சேரியோ ஓடிடி சந்தாவோ, தனக்கென்று எதற்குப் பணம் எடுத்தாலும் தப்புச் செய்வதுபோல மனம் உறுத்துகிறது. எங்கே கோடு போடுவது?

நான் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வரவு செலவு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. அப்படியிருந்தும் இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது 2013 மார்கழியில் நான் தவறான முடிவு ஒன்றை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் என்றால் உயிர். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் அவருடைய கேசட்டுகள் நாடா தேயும்வரை ஓடியிருக்கின்றன. எங்கிருந்தோ வந்த ஒரு வாத்தியத்தைச் சிறுவனாக இருக்கும்போதே கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்து, சுரங்களை அசைத்து இசைக்கும் கமகங்களை அதில் பேசவைத்தவர் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் அவர் வாசித்து ஒருமுறைகூட நேரில் கேட்டதில்லை. அந்த டிசம்பரில் அப்பா ஒரு வாரம் சென்னையில் என்னோடு தங்கியிருந்தார். ஸ்ரீனிவாஸ் கச்சேரிக்கு டிக்கெட் 500 ரூபாய், இரண்டு பேருக்கு ஆயிரம். அதே வாரம் சீட்டுப் பணம் கட்ட வேண்டியிருந்தது. "அடுத்த மார்கழிக்குப் போகலாம் அப்பா" என்றேன். "அதற்கென்னம்மா, மதியக் கச்சேரிகளே நன்றாகத்தானே இருக்கின்றன" என்றார். ஸ்ரீனிவாஸுக்கு அப்போது வயது 44. அடுத்த மார்கழி எங்கே போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2014 செப்டம்பர் 19 அன்று அவர் இறந்துபோனார்.

அப்பா அன்று தொலைபேசியில் அதிகம் பேசவில்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. நான்தான் இரவு உட்கார்ந்து பழைய செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த டிசம்பரில் அலுவலகத் தோழிகளோடு ஒரு படத்துக்கும் அதற்குப் பிறகு ஓட்டல் சாப்பாட்டுக்குமாக 850 ரூபாய் செலவழித்திருந்தேன். படத்தின் பெயரை நோட்டில் எழுதவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கும் வரவில்லை. பாதிக்கு மேல் பார்க்காத சேனல்கள் அடங்கிய டிடிஎச் தொகுப்புக்கு 340 ரூபாய். கூட்டினால் 1,190. அதாவது அந்த ஆயிரம் ரூபாய் என் கையில் இருந்திருக்கிறது. சீட்டுப் பணத்தின்மேல் பழியைப் போட்டது நான்.

அன்றிலிருந்து பொழுதுபோக்குக்கென்று பணம் எடுக்கும் முன் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இன்று போகாவிட்டால் இது எனக்காகக் காத்திருக்குமா?

புதுப் படம் காத்திருக்கும். சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடும், பிறகு தொலைக்காட்சிக்கும் வரும். தொடர்கள் காத்திருக்கும். கைபேசியில் வரும் விளையாட்டு காத்திருக்கும். இவற்றில் கையை இறுக்கினால் நஷ்டம் எதுவும் இல்லை. மூத்த கலைஞர் ஒருவரின் மேடை காத்திருக்காது. ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து அடுத்த ஆண்டுவரை வராது, வரும்போது அதே வாத்தியார் வேஷம் கட்டியிருப்பாரா என்பதும் தெரியாது. வெளிநாடு கிளம்பும் நண்பரோடு போக வேண்டிய பயணம் காத்திருக்காது. அம்மாவின் முழங்கால் காத்திருக்காது. மலைக்கோட்டைப் படி ஏற வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டால், அவருடைய காலைத்தான் நாள்காட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பொருள் ஒருவருக்குக் காத்திருக்கும், இன்னொருவருக்குக் காத்திருக்காது. சினிமாவை முதல் வகையில் சேர்த்தேன். ஆனால் என் மகளை ஐந்து வயதில் முதல்முதலாகத் திரையரங்குக்கு அழைத்துப்போன நாளை எந்த ஓடிடியும் எனக்குத் திருப்பித் தராது. விளக்குகள் அணைந்ததும் என் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அன்று மூன்று பேருக்கும் ஆன செலவைக் கணக்கு நோட்டில் எழுதினேனே தவிர, அதிகம் என்று தோன்றவில்லை. அதற்கடுத்த மாதம், போகாவிட்டால் பக்கத்து வீட்டில் பேச்சு வருமே என்று போன படத்துக்கு ஆனதும் ஏறக்குறைய அதே தொகைதான். அது வீண்.

பலர் வேறொரு கணக்குச் சொல்வார்கள்: ஆன செலவை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள், குறைவாக வருவதைத் தேர்ந்தெடுங்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கணக்கின்படி இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் விரலைத் தள்ளிக்கொண்டு படுத்திருப்பதுதான் உலகத்திலேயே மலிவான இன்பம். இரண்டரை மணி நேரக் கச்சேரி ஊதாரித்தனம். மறுநாள் காலையில் எது நம்மிடம் மிஞ்சியிருக்கிறது என்பதை வகுத்தலால் கண்டுபிடிக்க முடியாது.

ஓடிடி விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும் என்பேன். மாதம் 299 ரூபாய் என்றால் சின்னத் தொகையாகத் தெரியும். ஆண்டுக்கு 3,588 ரூபாய். அதோடு 149 ரூபாயில் இன்னொன்று இருந்தால் மொத்தம் 5,376. இந்தப் பணம் நம்மைக் கேட்காமலே கணக்கிலிருந்து போய்க்கொண்டிருப்பதுதான் சிக்கல். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் இதற்கு ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது: தானாகப் பிடித்தம் செய்யும் சந்தாக்களுக்கு, பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக நமக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைத்தான் எல்லோரும் படிக்காமல் தள்ளிவிடுகிறோம். நான் அது வரும் நாளில் ஒன்று செய்வேன். போன மாதம் இதில் என்ன பார்த்தேன் என்று வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு பெயர்கூட வாயில் வரவில்லையென்றால் சந்தாவை அன்றே நிறுத்திவிடுவேன். வேண்டியபோது மறுபடியும் சேர்ந்துகொள்ளலாம், கதவு மூடப்போவதில்லை. இப்போது எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் ஒரு சந்தாதான்.

திரையரங்குக்குப் போவதென்று முடிவுசெய்துவிட்டால் மல்டிப்ளெக்ஸ்தான் வேண்டும் என்று இல்லை. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதைத் தாண்டினால் 18. கவுன்டரில் போய் வாங்கினால் இணைய முன்பதிவுக் கட்டணமும் மிச்சம். குடிநீரைத் திரையரங்கம் இலவசமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

புத்தகம் படிக்கிறவராக இருந்தால், நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நடக்கும் ஏற்பாடு அது. வாடகை வீட்டுக்காரர்களும் வாடகை வழியாக அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எழும்பூர் கன்னிமாரா 1896இல் திறந்த நூலகம். உறுப்பினரானால் வீட்டுக்கே புத்தகம் எடுத்துவரலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு பெரிய செயற்கை மரம் நிற்கிறது. அதன் அடியில் என் மகள் கழித்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு பஸ் கட்டணம் தவிர வேறு செலவு இல்லை. ஜனவரியில் நடக்கும் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் தள்ளுபடியைப் பார்த்துப் பையை நிரப்பிய ஆண்டுகளில் வாங்கியவை பல இன்னும் பிரிக்காமலே இருக்கின்றன. இப்போது இரண்டு வகைப் புத்தகங்களை மட்டும் வாங்குகிறேன். நூலகத்தில் எடுத்துப் படித்து, மறுபடியும் வேண்டும் என்று தோன்றியவை ஒன்று. சிறு பதிப்பகங்கள் போட்டு, ஒரு பதிப்போடு நின்றுபோகக்கூடியவை மற்றொன்று. பின்னவை காத்திருக்காது.

பொழுதுபோக்குக்காகப் பொருள் வாங்குவதில் நான் பட்டது ஒன்று உண்டு. 2017இல் வீணை கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரமே 38,000 ரூபாய்க்கு ஒரு வீணை வாங்கினேன். கிரெடிட் கார்டில் வாங்கி, பிறகு பன்னிரண்டு தவணையாக மாற்றினேன். தவணைக்கு வட்டி, வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, செயல்முறைக் கட்டணம் தனி. இவையெல்லாம் முதல் மாதக் கணக்கறிக்கை வந்த பிறகுதான் கண்ணில் பட்டன. எட்டு மாதத்தில் வேலை நேரம் மாறி வகுப்பு நின்றது. சென்னை வெயிலில் வீணையின் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். அப்படி ஆனால் ஆள் கூப்பிட்டு மேளம் கட்ட வேண்டும், அதாவது மெட்டுகளை மறுபடியும் சரியான இடத்தில் பதிக்க வேண்டும். வாசிக்காமல் உறையில் கிடக்கும் வாத்தியத்துக்கு அந்தச் செலவைச் செய்யவும் மனம் வரவில்லை, அப்படியே விடவும் மனம் வரவில்லை. கடைசியில் எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்குக் கொடுத்தேன். அவள் இப்போது வர்ணம் வாசிக்கிறாள், ஜன்னல் வழியாகக் கேட்கிறது. வீணையை மாத வாடகைக்குக் கொடுப்பவர்கள் சென்னையில் உண்டு என்பதை ஆசிரியை முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். கற்கிற ஆசைக்கு உடனே செலவு செய்யுங்கள், வகுப்புக் கட்டணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வாத்தியமோ கேமராவோ சைக்கிளோ, அதை முதலில் இரவல் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். ஆறு மாதம் தாண்டியும் ஆசை நிற்கிறதென்றால் அப்போது வாங்கலாம்.

இலவசம் என்று எதையும் குறைவாக எண்ண வேண்டாம். மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. பாதி காலியான அரங்கில் இருபது வயதுப் பிள்ளை ஒருவர் தோடி ராகத்தில் ஆலாபனை செய்யும்போது, முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டும் ஒரு ரசிகரால் அவருடைய குரல் நிமிர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது பஞ்சரத்தினக் கிருதிகளை நூற்றுக்கணக்கான கலைஞர்கள் சேர்ந்து பாடுவதைக் கேட்கக் கட்டணம் இல்லை. தஞ்சாவூர்வரை ரயில், அங்கிருந்து டவுன் பஸ். அவ்வளவுதான்.

கடன் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வீட்டுக் கடன், படிப்புக் கடன் போன்றவை ஒழுங்காகத் தவணையில் போய்க்கொண்டிருந்தால் அதற்காக உங்களை ஒடுக்கிக்கொள்ளத் தேவையில்லை. கிரெடிட் கார்டில் பாக்கி நின்றால் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: அதை அடைக்கும்வரை அந்த அட்டையில் ஒரு சினிமா டிக்கெட்கூட எடுக்க வேண்டாம். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போட்டால் ஆண்டுக்கு 42 சதவீதம் ஆகிறது. ஆனால் அப்போதும் பொழுதுபோக்கை அடியோடு நிறுத்தாதீர்கள். மாதம் 300 ரூபாயாவது ரொக்கமாக ஒதுக்குங்கள். வீணைக் கடன் இருந்தபோது நான் பத்து மாதம் எதற்குமே பணம் எடுக்கவில்லை. பதினோராவது மாதம் ஒரே சனி, ஞாயிறில் 6,000 ரூபாயைக் கரைத்தேன். பட்டினி கிடந்தவர் பந்தியில் உட்கார்ந்தது மாதிரி ஆயிற்று.

உங்கள் குற்ற உணர்ச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்குத்தான் இது வருகிறது, எனக்கும் வந்தது. ஊரில் அம்மா தக்காளி விலையைப் பார்த்து அரைக் கிலோ வாங்கும்போது நான் இங்கே கச்சேரி கேட்பதா என்று தோன்றும். அதே அம்மா கடுகு டப்பாவில் சில்லறை சேர்த்து, எங்களுக்குத் தெரியாமல் எதிர்வீட்டு அக்காவோடு மேட்னி ஷோ போய்வந்தவர்தான். அதைச் சென்ற ஆண்டுதான் சொன்னார். சொல்லும்போது எழுபது வயதில் அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு என்னுடைய உறுத்தல் பெரும்பாலும் போய்விட்டது.

அவர் செய்ததையே நானும் செய்கிறேன். சம்பளம் வந்ததும் 1,500 ரூபாயை ரொக்கமாக எடுத்து அடுக்களையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போடுகிறேன். உங்கள் சம்பளத்துக்கு 1,000 போதும். அது எனக்கான பணம், அதற்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் செலவாகாததை வேறு எதற்கும் எடுக்க மாட்டேன். கேஸ் சிலிண்டருக்கும் கிடையாது, மொய்க்கும் கிடையாது. மிஞ்சியதெல்லாம் மார்கழிக்கு.

அப்பாவுக்கு இப்போது 76 வயது. இடது காது அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால் இந்த ஆண்டு அரங்கின் இடது ஓரத்தில், வலது காது மேடையைப் பார்க்கும்படி, மூன்றாவது வரிசையில் இரண்டு இருக்கைகள் எடுத்திருக்கிறேன். வழக்கமாக வாங்கும் டிக்கெட்டைவிட இரண்டுக்கும் சேர்த்து 800 ரூபாய் அதிகம். டப்பாவில் இருந்தது.