சுவரைப் பார்த்து அழுகிறவள்

அன்புள்ள அக்கா,

நலமா? என் மகளுக்கு ஒன்றரை வயது. ராத்திரி அவளைத் தூளியில் போட்டு ஆட்டுவது என் வேலை. ஒரு கை தூளிக் கயிற்றில் இருக்கும், ஒரு காதில் இயர்போன். போன வாரம் யூடியூப் தானாகவே ஒரு பாட்டுக்குத் தாவியது. தணிந்த பெண் குரல், தெரியாத பாஷை. மகள் தூங்கியது கூடத் தெரியாமல் அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு முக்கால் மணி நேரம் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். கண்ணெல்லாம் ஈரம். பாடியவர் லாசா தே செலா, பாட்டு ‘தே காரா ஆ லா பாரெத்’, மொழி ஸ்பானிஷ் என்பதெல்லாம் மறுநாள்தான் தெரிந்தது.

ஒரு சொல் கூடப் புரியாமல் இப்படி அழுவது ரசனையா, வெறும் மயக்கமா? இசை நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவர், “அவர் அமெரிக்காவில் பிறந்தவர், கனடாவில் பாடியவர். அசல் லத்தீன் இசை வேண்டுமென்றால் வேறு ஆட்களைக் கேள்” என்கிறார். என் மனைவியோ, “குழந்தை தூங்குற நேரத்துல அழுகைப் பாட்டு எதுக்கு?” என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

குழந்தை தூங்கிய பிறகும் கை தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கூடம் ஞாபகத்துக்கு வந்தது. பல வருடங்களுக்கு முன்பு, கனடாவின் மான்ட்ரியாலில் இருந்து விடுமுறைக்கு வந்த தோழி லாசாவின் சிடி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். உங்களைப் போலவே எனக்கும் அதன் முதல் பாட்டான ‘தே காரா ஆ லா பாரெத்’தைத் தாண்ட முடியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. பாட்டு மூன்றாவது முறை ஓடும்போது அவர் கை நின்றுவிட்டது. “இந்தப் பொண்ணு எதத் தொலைச்சா?” என்று கேட்டார்.

அந்த இசைத்தொகுப்பின் பெயர் ‘லா யொரோனா’, அதாவது அழுகிறவள். மெக்சிகோவில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கதை அது. துணைவன் கைவிட்ட வெறியில் ஒருத்தி தன் குழந்தைகளை ஆற்றில் மூழ்கடித்துவிடுகிறாள். அதன் பிறகு இரவெல்லாம் கரையோரம் அழுதபடி அவர்களைத் தேடி அலைகிறாள். ஆற்றங்கரைக்குப் போகும் பிள்ளைகளை அவள் பெயரைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். இந்தக் கதை அம்மாவுக்குத் தெரியாது. நீங்கள் கேட்ட பாட்டில், “எங்கே இருக்கிறாய்?” என்று பொருள்படும் ஒரு கேள்வி வருகிறது. அதுவும் தெரியாது. குரலில் இருந்தே எடுத்துக்கொண்டார். உங்கள் கண்ணீரை மயக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘லா யொரோனா’ 1997இல் மான்ட்ரியாலில் வெளிவந்தது. அது பிரெஞ்சு பேசும் ஊர். லாசா அங்கே போனபோது வயது பத்தொன்பது. கிதார் கலைஞர் ஈவ் தெரோசியேயுடன் சேர்ந்து வருடக்கணக்கில் மதுக்கடைகளில் பாடினார். எதிரே கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்பானிஷ் தெரிந்திருக்காது. ஆனாலும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். 1998இல் அந்தத் தொகுப்புக்குக் கனடாவின் ஜூனோ இசை விருது கிடைத்தது. ஆக, அவருடைய முதல் ரசிகர்களும் நீங்களும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சொல் தெரியாதவர்கள் முன்னால் வருடக்கணக்கில் பாடிப் பாடித்தான் அந்தக் குரல் அப்படி ஆகியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் அவர் இறக்கிவைக்கும் விதத்தைக் கவனியுங்கள். அவசரமே கிடையாது.

உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். லாசா 1972இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அப்பா மெக்சிகோக்காரர், அம்மா அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். பிறந்து ஐந்து மாதம்வரை குழந்தைக்குப் பெயரே வைக்கவில்லையாம். அப்போது அம்மா திபெத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்ததால் அந்நாட்டுத் தலைநகரின் பெயரையே வைத்துவிட்டார். சிறுவயதில் பல வருடங்கள் அவர்களுக்கு வீடு என்பது ஒரு பழைய பள்ளிப் பேருந்துதான். அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார்கள். டிவி இல்லை. படிப்பெல்லாம் அம்மாவிடம். சாயங்காலமானால் அக்கா தங்கைகள் சேர்ந்து நாடகம் போடுவார்கள். அந்தச் சகோதரிகள் பிறகு சர்க்கஸ் கலைஞர்கள் ஆனார்கள். சர்க்கஸ் படிக்க வந்திருந்த அவர்களைப் பார்க்கத்தான் லாசா மான்ட்ரியாலுக்கே போனார்.

இப்படி வளர்ந்தவரிடம் போய் உன் ஊர் எது என்று கேட்டால் என்ன சொல்வார்? ஸ்பானிஷ் அவருக்கு அப்பாவின் மொழி, பேருந்துக்குள் பேசிய மொழி. ஊர்கள் ஜன்னலில் ஓடிப்போயின, அந்தப் பேச்சு கூடவே வந்தது. அசலான பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ராஞ்சேரா என்ற மெக்சிகோவின் மரபுப் பாட்டு வகை என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று பாடகி சவேலா வர்காஸ். லாசாவும் அவருடைய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். சவேலா 1919இல் கோஸ்டா ரிக்காவில் பிறந்தவர். பதின்ம வயதில் மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்தார். எல்லை தாண்டி வந்த அந்தப் பெண்ணின் குரலைத்தான் மெக்சிகோ தன் குரல் என்று சொல்லிக்கொள்கிறது. உங்கள் நண்பரிடம் சவேலாவையும் லாசாவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

லாசாவின் ‘லா யொரோனா’ தொகுப்பில் ‘எல் பயாந்தே’ என்று ஒரு பழைய பாட்டு இருக்கிறது. பயாந்தே ஒரு மரம். கொலம்பியாவின் மக்தலேனா நதிக்கரையில் அந்த மரத்து நிழலில் பிறந்தேன், என் தாய் கறுப்பின அடிமை, அந்த முத்திரை என் மேலும் விழுந்தது என்று அடிமை ஒருவன் சொல்வதாக வரும். 19ஆம் நூற்றாண்டுப் பாட்டு. ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துவரப்பட்டவர்களின் துயரம் ஸ்பானிஷில் பாட்டாகி, பனி கொட்டும் ஒரு பிரெஞ்சு ஊரில், மெக்சிகோ அப்பாவின் மகள் குரலில் பதிவாகியிருக்கிறது. லத்தீன் இசை உருவான கதையே இதுதானே! பூர்வகுடியும் ஆப்பிரிக்காவும் ஸ்பெயினும் கலக்காத லத்தீன் இசை என்று ஒன்றை நான் கேட்டதே இல்லை.

சொல் புரியாமல் கேட்பதில் தப்பே இல்லை என்றேன். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். நீங்கள் கேட்ட பாட்டில் மொத்தமாகவே சில டஜன் சொற்கள்தான். தலைப்புக்கு ‘முகம் சுவரைப் பார்த்தபடி’ என்று அர்த்தம். யொராந்தோ, சொஞாந்தோ, ரெசாந்தோ என்று மூன்று சொற்கள் காதில் விழுந்திருக்குமே, அவற்றின் மேல்தான் பாட்டு நிற்கிறது. அழுதுகொண்டு, கனவு கண்டுகொண்டு, செபித்துக்கொண்டு. நம் வினையெச்சம் மாதிரியேதான். அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, அழுவது யார், ஆணா பெண்ணா, நானா நீயா என்று எதுவும் சொல்ல முடியாது. தமிழிலும் அப்படியே விட்டுவிடலாம். அழும்போது நகரம் அணைகிறது, கனவு காணும்போது எரிகிறது, செபிக்கும்போது மூழ்குகிறது. சுவரைப் பார்த்தபடி இருக்கிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? முதுகுக்குப் பின்னால் ஒரு ஊரே போய்க்கொண்டிருக்கிறது, அவள் திரும்பவில்லை. எனக்கு இது புரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இனி நீங்கள் கேட்கும்போது ‘சொஞாந்தோ’வில் அந்த ஞகரத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். நம் ஞாயிற்றில் இருக்கிற அதே ஞ. அதை அவர் ஒரு நொடி பிடித்துவைத்து விடுவார்.

‘லா யொரோனா’ என்று பெயர் வைத்தாரே தவிர, எல்லோரும் பாடும் அந்தப் புகழ்பெற்ற ‘லா யொரோனா’ நாட்டுப்பாடல் இந்தத் தொகுப்பில் கிடையாது. தேடி ஏமாறாதீர்கள். அது சவேலா குரலில் கிடைக்கும்.

அடுத்தது 2003இல் வந்த தொகுப்பு. முதல் தொகுப்புக்குப் பிறகு ஊர் ஊராகப் பாடிக் களைத்துப்போய், லாசா பிரான்சில் இருந்த சகோதரிகளின் சர்க்கஸோடு சேர்ந்துகொண்டார். மார்சேய் நகரில் மறுபடியும் எழுத ஆரம்பித்தார். அதில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் உண்டு. ‘கோன் தோதா பலாப்ரா’வில் இருந்து தொடங்குங்கள். 2009இல் வந்த கடைசித் தொகுப்பு முழுக்க ஆங்கிலம். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு, ஆனால் அடிக்கடி போட்டுக் கேட்பதில்லை. அந்த வருடம் ஐஸ்லாந்தில் பாடியதோடு மேடை முடிந்தது. மார்பகப் புற்றுநோய். 2010 ஜனவரி 1 அன்று மான்ட்ரியாலில் வீட்டிலேயே இறந்துபோனார். முப்பத்தேழு வயது. சிலி நாட்டுப் பாடகர்கள் பியோலெத்தா பார்ரா, விக்தோர் ஹாரா ஆகியோரின் பாட்டுகளை அவர் பாடிப் பதிவுசெய்ய இருந்தார். அந்தப் பாட்டுகளை மற்றவர்கள் பாடிக் கேட்கும்போதெல்லாம் லாசா இதை எந்த இடத்தில் நிறுத்தியிருப்பார் என்று மனம் போய்விடுகிறது. அவர் வாழ்ந்த மைல் எண்ட் பகுதியில் இப்போது அவர் பெயரில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது.

குழந்தை விஷயத்தில் நான் உங்கள் மனைவி பக்கம்தான். பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டவளின் பெயரைத் தாங்கிய தொகுப்பை, தூளி ஆட்டிவிட்டு வந்து தனியாக உட்கார்ந்து கேளுங்கள். மகளுக்கு அதே தொகுப்பில் இருக்கும் ‘லோஸ் பேசெஸ்’ பாட்டைப் போட்டுவிடுங்கள். ஸ்பானிஷ் மொழி நாடுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் சின்னப் பிள்ளைகள் பாடுவது. மாதா தலை வாரிக்கொண்டிருக்கிறாள், பிறந்திருக்கும் பாலகனைப் பார்க்க ஆற்று மீன்களுக்கு அத்தனை ஆசை. அந்தக் குதூகலத்தில் தண்ணீரைக் குடிக்கின்றன, குடிக்கின்றன, திரும்பவும் குடிக்கின்றன. பேபென் இ பேபென் என்று வரும். ஒன்றரை வயது வாய்க்கு அது சுலபமாக வந்துவிடும், பாருங்கள்.

அன்புடன்,
அக்கா