"எல்லாம் ஓகே சார்" என்று மட்டும் சொல்லும் மாணவர்

நீங்கள் வழிகாட்டும் மாணவர், வீடியோ காலில் கேட்டால் "எல்லாம் ஓகே சார்" என்கிறார், அப்புறம் இரண்டு வாரம் பதிலே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இது ஆர்வக் குறைவாகத் தோன்றவில்லை. "எப்படிப் போகிறது?" என்று கேட்டால் வேறு என்னதான் சொல்வார், பாவம்! பேசுவதற்கு முந்தைய நாள், கையில் இருக்கும் எதையாவது அரைகுறையாகவே அனுப்பச் சொல்லுங்கள்: ரெஸ்யூமே, புராஜெக்ட் அறிக்கை, ஓடாத கம்ப்யூட்டர் புரோகிராம். திரையைப் பகிர்ந்து இருவரும் அதைப் பார்த்தால், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். கேமராவை ஆன் செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்; அறையில் நான்கு பேர் இருக்கலாம். அடுத்த சந்திப்பின் நாளையும் நேரத்தையும் பேச்சை முடிக்கும் முன்பே குறித்துவிடுங்கள். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்றால் பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள். தேர்வு நேரத்து மௌனத்தை மட்டும் கண்டுகொள்ள வேண்டாம்.