கோட்டுக்கு வெளியே நிற்கும் தந்தை

கேள்வி: என் கணவர் இளமையில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற கபடி வீரர். பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகனும் இப்போது பள்ளி அணியில் ஆடுகிறான். அவன் பிடிபட்டு வெளியே வரும்போதெல்லாம், "அப்பன் ஆட்டத்தில் கால்வாசி கூட இல்லை" என்று காதில் விழும்படியே பேசுகிறார்கள். கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸின் மகனும் அதே ஆட்டத்துக்கு வந்திருப்பதாகப் படித்தேன். அந்தப் பையன் இதையெல்லாம் எப்படித் தாங்குகிறான்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகி, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சகோதரி, டைகரின் மகன் சார்லி உட்ஸ் எதையெல்லாம் தாங்க வேண்டியிருந்தது என்பதை அவருடைய ஸ்கோர் அட்டைகளே சொல்கின்றன. 2024 பிப்ரவரியில், பதினைந்து வயது நிறைந்த அதே மாதத்தில், தொழில்முறைப் போட்டி ஒன்றின் முன்தகுதிச் சுற்றில் அவர் 86 அடிகள் எடுத்தார். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் அந்த ஆட்டத்தில், நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய ஒரு குழிக்கு மட்டும் அவருடைய அட்டையில் 12 என்று பதிவானது. அவ்வளவும் கூட்டம் சூழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது.

அதே ஆண்டு ஜூலையில், அமெரிக்க இளையோர் அமெச்சூர் போட்டியில் 82, 80 என ஆடி முதல் இரண்டு சுற்றுகளோடு வெளியேறினார். இதே போட்டியைத்தான் டைகர் 1991, 1992, 1993 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். முதல் முறை வென்றபோது அவருக்கும் வயது பதினைந்துதான். ஒப்பிட்டுப் பேசுபவர்களுக்கு இதைவிட வாகான கணக்கு கிடைக்காது. ஆனால் டைகரின் தந்தை ஏர்ல் ராணுவத்தில் இருந்தவர், நாற்பது வயதுக்குப் பிறகு கோல்ஃப் பழகியவர் என்பதை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. பதினைந்து வயது டைகரை வைத்து அளக்கத் தந்தையின் கோப்பைகள் எவையும் இருக்கவில்லை. சார்லி 2025 மே மாதத்தில், அமெரிக்க இளையோர் கோல்ஃப் சங்கத்தின் போட்டி ஒன்றை மூன்று அடி வித்தியாசத்தில் வென்றார். அந்த 86க்குப் பிறகு அதற்குப் பதினைந்து மாதங்கள் ஆயின.

உங்கள் வீட்டுக்குப் பயன்படுவது கோல்ஃபின் ஒரு விதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்டத்தின் நடுவே, மட்டைப்பையைச் சுமந்து வரும் கேடியைத் தவிர வேறு யாரிடமும் வீரர் யோசனை கேட்கக் கூடாது. மகன் தடுமாறிய அந்த ஜூலைப் போட்டியில், மேஜர் எனப்படும் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் பதினைந்து பட்டங்கள் வென்ற டைகர், மற்றப் பார்வையாளர்களைப் போலவே உடன் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தருமபுரிப் பக்கத்து மைதானங்களில் நான் பார்ப்பது வேறு. பையன் பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் நுழைந்ததுமே, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பா, "மூலைக்காரனைத் தொடுடா, போனஸ் எடுடா" என்று கத்துகிறார். எதிராளிகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்த பையனின் கண் ஒரு நொடி அப்பா பக்கம் திரும்புகிறது. அந்த நொடியில் கணுக்காலைப் பிடித்து அமுக்கிவிடுகிறார்கள். இதைப் பல முறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஊர் வாயை உங்களால் மூட முடியாது. ஆனால் உங்கள் கணவரை, இந்த ஆண்டுப் போட்டிகள் முடியும்வரை, ஆட்டம் நடக்கும்போது வாய் திறக்காமல் நிற்கச் சொல்ல முடியும். கற்றுக்கொடுக்க வேண்டியதை மறுநாள் காலைப் பயிற்சியில், மகன் கேட்டால், கற்றுக்கொடுக்கட்டும்; தோற்ற அன்று இரவு சாப்பாட்டின்போது அந்தப் பேச்சே வேண்டாம். தாம் பிடிபட்ட ஆட்டங்களையும் அவர் மகனிடம் சொல்ல வேண்டும். ஊர் நினைவில் வைத்திருப்பவை அவர் வென்ற ஆட்டங்கள் மட்டுமே. உங்கள் மகனும் அவற்றை மட்டுமே கேட்டு வளர்ந்திருப்பான்.

ஒருவேளை அவனுக்குக் கபடியில் மனம் இல்லையென்றால் அதற்கும் இடம் கொடுங்கள். ஓட்டத்தில் உலகப் புகழ் பெற்ற மில்கா சிங்கின் மகன் ஜீவ், ஓடுகளத்துக்குப் போகாமல் கோல்ஃப் மட்டையை எடுத்தார். 1998இல், தொழில்முறைக் கோல்ஃப் போட்டித் தொடரான ஐரோப்பிய டூரில் உறுப்பினரான முதல் இந்தியர் அவர். உங்கள் மகனுக்கு என்ன விருப்பம் என்பதை, அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, நீங்களே கேளுங்கள்.