கீசர்: எத்தனை லிட்டர் வாங்கலாம்?

கேள்வி: பெங்களூரில் சொந்த வீடு. நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர். காலை ஆறேகாலிலிருந்து ஏழரைக்குள் நாலு பேர் ஒரே பாத்ரூமில் குளித்தாக வேண்டும். இருந்த 15 லிட்டர் கீசர் நாலே வருஷத்தில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. "ஐந்து பேருக்கு 50 லிட்டர்தான் சரி" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? எங்களுக்கு வருவது போர் தண்ணீர்.
- ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: 50 வேண்டாம், 25 லிட்டர் எடுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்பதை விட, வாளியில் குளிக்கிறீர்களா ஷவரிலா, ஒருவர் வெளியே வந்து அடுத்தவர் உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு.

மார்கழியில் டேங்க் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2 கிலோவாட் கீசருக்கு 35 நிமிஷம் பிடிக்கும், ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதில் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் விளாவினால் குளிக்கிற பதத்தில் 50 லிட்டர். எடுக்க எடுக்க உள்ளேயும் பச்சைத் தண்ணீர் ஏறுவதால் கடைசியில் வருவது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அதனால் இரண்டு வாளி நிச்சயம் என்று வையுங்கள். அப்புறம், முதல் ஆள் குளிக்கும்போதே கீசர் அடுத்த ஆளுக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறது, 20 லிட்டர் வாளிக்கு வேண்டிய சூடு 14 நிமிஷத்தில் திரும்ப வந்துவிடும். கால் மணிக்கு ஒருவர் என்று போனால் நாலு பேருக்கும் தாராளம். ஆனால் எர்த் சரியாக இருந்து, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இருக்கிற வீட்டில்தான் சுவிட்சைப் போட்டபடி குளிக்கலாம், எலக்ட்ரீஷியனை வைத்து இதை முதலில் பார்த்துவிடுங்கள். ப்ளக் 16 ஆம்பியராக இருக்க வேண்டும்.

50 லிட்டர் சூடாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஐந்து மணிக்கே எழுந்து சுவிட்ச் போட வேண்டும். ஷவர் என்றால் கதை வேறு, நிமிஷத்துக்கு 8, 10 லிட்டர் கொட்டினால் ஐந்தாறு நிமிஷத்தில் 25 லிட்டர் கீசர் காலி, அப்போது கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பழைய கீசர் ஏன் நாலு வருஷத்தில் போனது? எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எங்கள் வீட்டுக் கீசரைக் கழற்றியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்பு, தட்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தது. அதன் பக்கத்தில் விரல் தடிமனுக்கு இருக்க வேண்டிய மெக்னீசியம் ஆனோடு தண்டு, கம்பி மாதிரி இளைத்துக் கிடந்தது. தொட்டியை அரிக்க வேண்டியதை அந்தத் தண்டு தன் மேல் வாங்கிக்கொள்கிறது, அது கரைந்து தீர்ந்தால் அரிப்பு தொட்டிக்கு வந்துவிடும், உங்கள் கீசருக்கும் அநேகமாக அதுதான் நடந்திருக்கும். போர் தண்ணீர் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்து, தண்டு இளைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், புதுக் கீசர் வாங்கும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. வாங்கும்போது தொட்டியின் உட்பக்கம் கிளாஸ் லைனிங் (கண்ணாடிப் பூச்சு) உள்ளதா, ஐஎஸ்ஐ முத்திரை உண்டா என்று பாருங்கள். சேஃப்டி வால்வில் சூடாகும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம், அது அழுத்தத்தை வெளியே விடுகிறது. தயவுசெய்து அதை யாரும் அடைத்துவிட வேண்டாம்.

ஸ்டார் எண்ணிக்கை, தொட்டியில் சும்மா நிற்கிற வெந்நீர் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைச் சொல்வது. நாள் முழுக்கப் போட்டு வைப்பவர்களுக்குத்தான் அதில் பெரிய வித்தியாசம் தெரியும்.

கேள்வி: கரண்ட் பில் குறைய கேஸ் கீசர் போடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சின்ன பாத்ரூம், ஒரே ஒரு ஜன்னல், குளிருக்கு அதையும் சாத்திவிடுவோம்.
- ஒரு வாசகர், அல்சூர்

பதில்: பாத்ரூமுக்குள் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் மயக்கம் வந்துவிடும், இப்படிக் குளிக்கப் போனவர்கள் உயிரோடு திரும்பாத வீடுகள் உண்டு. கேஸ்தான் வேண்டும் என்றால் கீசரை வெளியே, நல்ல காற்றோட்டமான இடத்தில் மாட்டி, பைப் மட்டும் பாத்ரூமுக்குள் வரட்டும். அதற்கு இடமில்லை என்றால் 15 லிட்டர் கரண்ட் கீசரே போடுங்கள்.